கேளுங்க, மாமியார் பதில் சொல்றேன்!

மேடை, வானொலி, தூர்தர்ஷன், சினிமா என்று ஒரு சுற்று சுற்றிவிட்டு, இப்போது தினமும் ராத்திரி உங்கள் வீட்டு டி.வி.யில் மருமகளை முறைத்துக்கொண்டிருக்கும் குணச்சித்திர நடிகை, இந்த இதழில் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார். தன் பெயரைப் போடக்கூடாது என்பது அவர் வைத்த ஒரே நிபந்தனை. “போட்டா மட்டும் யாருக்குத் தெரியப்போவுது? கோயம்பேட்டுல காய் வாங்கப் போனாக்கூட மாமியார்னுதானே கூப்பிடறாங்க!” என்கிறார்.

நடிக்க எப்படி வந்தீர்கள் அம்மா? வீட்டில் எதிர்ப்பு இல்லையா?
*– வாசகி, கும்பகோணம்*

அப்பா பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் ஃபிட்டர். 1955-ல் அந்தத் தொழிற்சாலை ஆரம்பித்த புதிதில் வேலைக்குச் சேர்ந்தவர். அந்தக் கால மெட்ராஸில் ஆபீஸுக்கு ஒரு நாடகக் குழு இருக்கும். நாகேஷ் ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தவர். கே.பாலசந்தர் ஏ.ஜி. ஆபீஸில், அதாவது அரசுக் கணக்கு அலுவலகத்தில், வேலை பார்த்துக்கொண்டே நாடகம் போட்டவர். எங்கள் பக்கத்திலும் சாயங்காலம் சங்கு ஊதினால் பாதிப் பேர் டீக்கடைக்கு, மீதிப் பேர் ஒத்திகைக்கு. எழுத ஆள் உண்டு, ராஜாவாக நிற்க ஆள் உண்டு, டிக்கெட்டை மற்றவர் தலையில் கட்டவும் ஆள் உண்டு. கதாநாயகிக்குத்தான் ஆள் கிடையாது. குடும்பத்துப் பெண்ணை மேடைக்கு அனுப்ப எவருக்கும் மனசு வராது. அதனால் வெளியிலிருந்து ஒரு நடிகையைச் சம்பளம் பேசிக் கூட்டி வருவார்கள். ஆண்களுக்கெல்லாம் ஆபீஸ் சம்பளம் இருக்கிறது, நாடகம் பொழுதுபோக்கு. அமெச்சூர் குழு என்று போர்டு மாட்டியிருக்கும். அதில் தொழிலாக நடிக்கிற ஒரே ஆள் அந்தப் பெண்ணாகத்தான் இருப்பாள். கொஞ்ச காலத்தில் அந்தப் பெண் நானாகிவிட்டேன்.

அக்கா கல்யாணக் கடன் வீட்டில் உட்கார்ந்திருந்த சமயம் அது. அப்பாவின் சிநேகிதர் ஒருவர் வந்து, “ஒரே ஒரு நாடகம், தங்கச்சி வேஷம்தான்” என்று கேட்டார். அப்பா ஒரு கண்டிஷனோடு ஒத்துக்கொண்டார்: ராத்திரி எத்தனை மணியானாலும் குழுவின் செயலாளரே வீட்டு வாசலில் கொண்டுவந்து விடணும். அம்மாவுக்குச் சம்மதமில்லை. கொஞ்ச நாள் என்னோடு பேசவே இல்லை. முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, “அடுத்த நாடகம் எப்போடி?” என்றாள். எதிர்ப்பு அத்தோடு முடிந்தது.

சபா மேடையில் நான் கற்றது ஒன்றே ஒன்று: கத்தாமல் கடைசி வரிசைக்குக் கேட்கவைப்பது. அந்தத் தைரியத்தில் சென்னை வானொலி நிலையத்துக்கு நாடகக் குரல் தேர்வுக்குப் போனேன். அங்கே பாடம் தலைகீழ். உதட்டுக்குப் பக்கத்தில் மைக். மூச்சு வாங்கினால் கேட்கும், காகிதத்தைத் திருப்பினால் கேட்கும், கண்ணாடி வளையல் போட்டிருந்தால் கழற்றி வைக்கணும். வசனத் தாள்களைத் தனித்தனியாகப் பிரித்துவைத்து, படித்து முடித்ததைச் சத்தமில்லாமல் நழுவவிடணும். அழுகிற காட்சியில் கண்ணீர் வந்து பிரயோஜனமில்லை, அழுகை குரலில் வரணும். 1975 ஆகஸ்ட் 15-ல் சென்னைத் தொலைக்காட்சி தொடங்கியது. கொஞ்ச வருஷத்தில் அதன் செவ்வாய்க்கிழமை நாடகங்களில் எனக்கும் வேடம் வந்தது. எங்கள் தெருவில் டி.வி. இருந்த வீடு ஒன்றுதான். அந்த வீட்டுக்காரம்மா அதுவரை என்னைத் திண்ணையில்கூட உட்காரச் சொன்னதில்லை. நாடகம் வந்த மறுநாள் கூப்பிட்டு காபி கொடுத்தார். டம்ளர் மட்டும் தனி டம்ளர்தான்!

போன வாரம் மருமகளை ஓங்கி ஓர் அறை விட்டீர்களே, நிஜமாகவே அடித்தீர்களா?
*– வாசகர், தூத்துக்குடி*

என் கை அந்தப் பெண்ணின் கன்னத்துக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. கேமரா அவள் தோளுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்க்கும். நான் காற்றை அறைவேன், அதே நொடியில் அவள் முகத்தைத் திருப்பணும். சத்தத்தை அப்புறம் சேர்ப்பார்கள். திருப்புவது கொஞ்சம் முந்தினாலோ பிந்தினாலோ காட்சி கேலியாகிவிடும். ஆகவே பாராட்டு அவளுக்கு. அந்தக் காட்சி முடிந்ததும் அவள் கொண்டுவந்த புளியோதரையில் பாதியை நான்தான் சாப்பிட்டேன்.

சினிமா நடிப்பு, சீரியல் நடிப்பு – எது கஷ்டம்? சீரியல்காரர்கள் ஓவராக நடிக்கிறார்கள் என்பது என் கருத்து. கோபிக்கவேண்டாம்.
*– வாசகர், கோயம்புத்தூர்*

கோபமெல்லாம் செட்டோடு சரி. ஆனால் நீளமாகப் பதில் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சினிமாவில் ஒரு நாளில் இரண்டு மூன்று காட்சி எடுத்தால் நிறைவாக வீட்டுக்குப் போவார்கள். லைட்டிங் செய்ய நேரம் எடுப்பார்கள், நாம் ஒரு மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்போம். சீரியலில் கால்ஷீட் காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது. வளசரவாக்கம், சாலிகிராமம் பக்கம் வாடகைக்கு எடுத்த ஏதோ ஒரு ஷூட்டிங் வீடு. ஹாலில் காலை டிபன் காட்சி, மாடியில் சதி, வாசலில் அழுகை, பூஜை அறையில் சபதம் என்று ஒரே நாளில் எல்லாம் நடக்கும். வசனத் தாள் பல நாள் செட்டுக்குப் போனபிறகுதான் கைக்கு வரும். மனப்பாடத்துக்கு நேரமேது? கேமராவுக்குப் பக்கத்தில் நின்று அசிஸ்டென்ட் டைரக்டர் வசனத்தை உரக்கப் படிப்பார். அதைக் காதில் வாங்கி, நம்முடையதாக்கி, முகத்தோடு சேர்த்துச் சொல்லணும். ப்ராம்ப்டிங் என்பது இதுதான். அந்தப் பையன் உணர்ச்சியே இல்லாமல், “அடிப்பாவி, என் குடும்பத்தைக் கெடுத்திட்டியே, கமா, நீ நல்லா இருப்பியா” என்று கமாவையும் சேர்த்துப் படிப்பான். சிரிக்காமல் சபிக்கணும். எதிரில் நிற்கும் மருமகள் பெங்களூர்ப் பெண்ணாக இருப்பாள், பாவம், தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு போராடுவாள். இந்த இரண்டு குரலுக்கும் நடுவில் நம் பாத்திரத்தின் குரலைத் தொலைக்காமல் இருப்பதுதான் சீரியல் நடிப்பு. பிறகு வடபழனிப் பக்கம் டப்பிங். அந்த மருமகளுக்கு வேறொரு பெண் குரல் கொடுப்பாள். என் குரலை மட்டும் நானே பேசுவேன். அதை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அப்புறம் ரியாக்‌ஷன். ஹாலில் ஏழு பேர் நிற்போம். ஒருத்தி ஒரு வார்த்தை சொல்வாள். கேமரா ஏழு பேர் முகத்துக்கும் தனித்தனியாக வரும். என் முறை வரும்போது அந்த வார்த்தையைச் சொன்ன பெண் மேக்கப் ரூமில் சாப்பிட்டுக்கொண்டிருப்பாள். வெறும் சுவரைப் பார்த்து அதிர்ச்சி அடையணும். “அம்மா, கோவமா ஒண்ணு, ஷாக்கா ஒண்ணு, ரெண்டும் கலந்து ஒண்ணு குடுங்க” என்பார் டைரக்டர். மூன்றில் எது டி.வி.யில் வரும் என்று எனக்கே தெரியாது. அடுத்தவர் பேசும்போது நம் முகம் என்ன செய்கிறது என்பதில்தான் குணச்சித்திர நடிகரின் பிழைப்பு இருக்கிறது. வசனம் பேசத் தெரிந்தவர்கள் கோடம்பாக்கத்தில் தெருவுக்குப் பத்துப் பேர் உண்டு. கேட்கத் தெரிந்தவர்களைத் தேடணும். அதனால்தான் எதிரில் நிற்பவரின் க்ளோஸ்-அப் முடியும்வரை நான் கேமராவுக்குப் பக்கத்திலேயே நின்று வசனம் கொடுப்பேன். என் முகம் ஃப்ரேமில் இல்லாவிட்டாலும் நிற்பேன். முழங்கால் வலி வந்தபிறகு ஸ்டூல் கேட்கிறேன், அவ்வளவுதான் மாற்றம்.

புடவைக் கதை தனி. கதையில் ஒரு நாளில் நடக்கும் கல்யாணம் டி.வி.யில் வாரக்கணக்கில் ஓடும். அத்தனை வாரமும் அதே பட்டுப்புடவை, அதே மூக்குத்தி, குங்குமம்கூட அதே இடத்தில். மே மாதத்தில் அந்தப் புடவையின் வாசனையை நான் வர்ணிக்க விரும்பவில்லை.

இனி ‘ஓவர்’ விஷயம். நீங்கள் சீரியலை எப்படிப் பார்க்கிறீர்கள்? பெரும்பாலான வீட்டில் பார்ப்பதில்லை, கேட்கிறார்கள். ஒருத்தர் வெங்காயம் நறுக்குவார், ஒருத்தர் பையனுக்கு வீட்டுப்பாடம் சொல்லிக்கொடுப்பார். சமையல்கட்டுவரை கதை போய்ச் சேரணும். சீரியல் என்பது வானொலி நாடகத்தின் பேத்தி. எங்களில் சிலர் கொஞ்சம் தூக்கிப் பேசுவதற்கு அதுதான் காரணம். மிகையே இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரே முகத்தை மூன்று தரம் இடியோசையோடு காட்டுவதை எனக்கும் தாங்கமுடியவில்லை. ஆனால் ‘மெட்டி ஒலி’யில் (2002–2005) ஐந்து பெண்களைப் பெற்ற அப்பாவாக டெல்லி குமார் நடித்ததைப் பார்த்திருக்கிறீர்களா? கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதுபோலத்தான் துக்கத்தையும் துடைப்பார். அதுவும் சீரியல்தான் ஐயா.

நடிகர்களின் பெயருக்கு முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் பட்டங்கள் எல்லாம் எங்கிருந்து வந்தன?
*– வாசகர், ஈரோடு*

பட்டம் இல்லை, முகவரி! ஒரே பெயரில் பல பேர் இருந்தால் அடையாளத்துக்கு முதலில் கைதட்டல் வாங்கித் தந்த வேஷம்தான் உதவும். ‘மேஜர் சந்திரகாந்த்’ நாடகத்தில் மேஜராக நடித்த சுந்தரராஜன், மேஜர் சுந்தரராஜன். ‘கல் மணம்’ நாடகத்தில் தேங்காய் வியாபாரியாக வந்த சீனிவாசன், தேங்காய் சீனிவாசன். சோவின் நாடகத்தில் காத்தாடி என்ற பாத்திரம் செய்த ராமமூர்த்தி, காத்தாடி ராமமூர்த்தி. 1965-ல் வந்த ‘வெண்ணிற ஆடை’ நிர்மலாவுக்கும் மூர்த்திக்கும் ஆயுசுக்கும் ஒட்டிக்கொண்டது. அதே படத்தில் அறிமுகமான ஜெயலலிதாவுக்கு மட்டும் ஒட்டவில்லை; அவருக்கு வேறு பட்டங்கள் காத்திருந்தன. எனக்கும் ஒரு நாடகத்தில் ‘கோமுட்டி கோமளா’ என்று வேஷம். நல்லவேளை, அந்த நாடகம் ஓடவில்லை.

டெல்லி கணேஷ் பற்றிச் சொல்லுங்களேன். அவர் மறைவுக்குப் பிறகு பழைய படங்களைத் தேடித் தேடிப் பார்க்கிறேன்.
*– வாசகர், ஸ்ரீரங்கம்*

நானும் தேடித்தான் பார்க்கிறேன். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் இருந்தவர். டெல்லியில் தட்சிண பாரத நாடக சபாவில் நடித்ததால் பெயரில் டெல்லி வந்தது. ‘பட்டினப் பிரவேசம்’ படத்தில் பாலசந்தர் அறிமுகப்படுத்தினார். 2024 நவம்பரில் தன் எண்பதாவது வயதில் போய்விட்டார். நானூறுக்கும் மேல் படங்கள், சீரியல்கள்.

இரண்டு படங்களை அடுத்தடுத்துப் பாருங்கள். 1979-ல் ‘பசி’, 1990-ல் ‘மைக்கேல் மதன காமராஜன்’. முதலாவதில் மெட்ராஸ் ரிக்‌ஷாக்காரர், அடுத்ததில் பாலக்காட்டுச் சமையல்காரர். கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வந்தது என்று சத்தியம் செய்தாலும் நம்பமுடியாது. சென்னைத் தமிழ் என்றால் ‘இன்னாபா’ என்று இழுத்தால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. ‘பசி’யில் அவர் பேசுவதில் களைப்பு இருக்கும், குடித்த தொண்டையின் கரகரப்பு இருக்கும். வடசென்னையில் வளர்ந்தவள் சொல்கிறேன், அந்தத் தமிழ் எங்கள் தெருவில் ஓடிய தமிழ். பாலக்காட்டு ஐயர் வேஷத்தில் பாதி நேரம் கமல் பேசுவதை அவர் கேட்டுக்கொண்டுதான் இருப்பார். அந்தக் கேட்பில் எத்தனை சிரிப்பு என்று எண்ணிக்கொள்ளுங்கள். அதற்கு ஒரு வருஷம் முன்னால் ‘அபூர்வ சகோதரர்க’ளில் அவர் செய்த வில்லனையும் பார்த்துவிட்டால் உங்கள் ஞாயிற்றுக்கிழமை நன்றாகக் கழியும்.

உங்களைவிட வயதில் பெரியவர்களுக்கெல்லாம் அம்மாவாக நடிக்கிறீர்களே, வருத்தமாக இருக்காதா?
*– வாசகி, புதுச்சேரி*

முதல் தரம் இருந்தது. ‘அபூர்வ ராகங்க’ளில் (1975) ஸ்ரீவித்யாவின் கணவராக வந்தவர் ரஜினி. ‘தளபதி’யில் (1991) அதே ஸ்ரீவித்யா அதே ரஜினிக்கு அம்மா. ரஜினி 1950-ல் பிறந்தவர், ஸ்ரீவித்யா 1953-ல். பதினாறு வருஷத்தில் கணவர் கதாநாயகனாகிவிட்டார், மனைவி அம்மாவாகிவிட்டார்! அநியாயம்தான், இன்றைக்கும் பெரிதாக மாறவில்லை. ஆனால் ‘தளபதி’யில் ரயில் சத்தம் கேட்டதும் ஸ்ரீவித்யாவின் முகம் மாறுவதைப் பார்த்தபிறகு வயசுக் கணக்கு யாருக்கு ஞாபகம் இருக்கும்?

நான் அம்மா வேஷத்துக்கு வந்ததற்குக் காரணம் கலையார்வம் இல்லை, பள்ளிக்கூட ஃபீஸ். கணவர் வேலை பார்த்த தனியார் கம்பெனி மூடிவிட்டது. தலையில் கொஞ்சம் வெள்ளை பூசிக்கொண்டால் மாதத்தில் கூடுதல் கால்ஷீட் என்றால் யோசிக்க என்ன இருக்கிறது? தவிர, எனக்கு முன்னால் மனோரமா ஆச்சி இருந்தார். 1958-ல் ‘மாலையிட்ட மங்கை’யில் தொடங்கி ஆயிரம் படங்களைத் தாண்டியவர். அண்ணா, கருணாநிதி, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, என்.டி.ஆர். என்று ஐந்து முதலமைச்சர்களோடு மேடையிலோ திரையிலோ நடித்தவர். ‘தில்லானா மோகனாம்பா’ளில் ஜில் ஜில் ரமாமணியாகக் குலுங்கிச் சிரிக்கவைத்த அவர்தான் ‘சின்னத் தம்பி’யில் பிரபுவுக்கு அம்மா. நகைச்சுவை செய்கிறவளுக்கு அழ வராது என்ற பேச்சை அவர் முடித்துவைத்தார்.

முந்தைய சீரியலில் உங்களைத் திடீரென்று கொன்றுவிட்டார்களே! ஏன்?
*– வாசகி, வேலூர்*

நானும் அப்படித்தான் கேட்டேன்! கதை எந்தப் பக்கம் போகிறது என்பது டி.ஆர்.பி.யைப் பொறுத்தது, நடிகர்களுக்குக் கடைசியில்தான் தெரியும். ஒருநாள் மேனேஜர் போன் செய்து, “அம்மா, நல்லா சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ அனுப்புங்க” என்றார். பத்திரிகைக்கு என்று நினைத்து அழகான படமாகத் தேடி அனுப்பினேன். மறுநாள் செட்டுக்குப் போனால் ஹாலில் சந்தன மாலையோடு தொங்குகிறேன். மேக்கப்மேன் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். எங்கள் தொழிலில் ஒரு சாஸ்திரம் உண்டு. பிணமாகப் படுத்து நடித்தால் எழுந்ததும் கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்கச் சொல்லி எடுத்துக்கொள்வார்கள், திருஷ்டி கழியட்டும் என்று. எனக்கோ படுக்கக்கூட வாய்ப்புக் கொடுக்கவில்லை. வெளியூரில் விபத்தாம், நேரே ஃப்ரேம்தான்.

ஒரு நாளைக்கு எவ்வளவு சம்பளம் வாங்குகிறீர்கள்? உண்மையைச் சொல்லவும்.
*– வாசகர், சேலம்*

தொகையைச் சொன்னால் என் சம்பந்தி படித்துவிடுவார். முறையை மட்டும் சொல்கிறேன். எங்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது, நாள் கணக்கு. என் பாத்திரம் கதையில் இருந்தால் அந்த மாதம் அடுப்பு எரியும். கதை மருமகளின் அம்மா வீட்டுப் பக்கம் போய்விட்டால் நான் வீட்டில் உட்கார்ந்து கந்த சஷ்டி கவசம் படிக்கணும். பணம் வேலை முடிந்த அன்றே வராது, பிறகுதான் வரும். வரும்போது பத்து சதவீதம் டி.டி.எஸ். என்று வருமான வரியை முன்கூட்டியே பிடித்துக்கொண்டு வரும். அதனால் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யாத நடிகர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். திரும்ப வரவேண்டிய பணத்தை யாருக்காக விடுகிறார்கள்? 2020 மார்ச்சில் கொரோனாவால் ஷூட்டிங் நின்றபோது சேனல்கள் பழைய சீரியல்களைத் தூசிதட்டி ஓட்டின. டி.வி.யில் என் முகம் ஓடிக்கொண்டிருக்கும், கையில் காசு இருக்காது. எங்கள் தெருக் கடைக்காரர் என்னைத் திரையில் பார்த்துவிட்டு, கடன் பாக்கியைக் கேட்டார்!

பி.காம். முடித்திருக்கிறேன் அம்மா. நடிப்புதான் என் உயிர். சென்னைக்கு வரலாமா? உங்கள் முகவரி கிடைக்குமா?
*– வாசகர், மதுரை*

தம்பி, உயிர் என்றெல்லாம் எழுதாதீர்கள். வேலை என்று எழுதுங்கள், எனக்குத் தைரியமாக இருக்கும்.

பி.காம். நல்ல படிப்பு. விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவுக்குள் கணக்காளராகத்தான் போனார். கணக்கு எழுதிக்கொண்டே நடிகர்கள் பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டிருந்தார். 1977-ல் ந.முத்துசாமி ஆரம்பித்த அந்தப் பட்டறையிலிருந்துதான் பசுபதி, குரு சோமசுந்தரம் எல்லாரும் வந்தார்கள். ஆகவே முதலில் இங்கே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு வாருங்கள். எங்கள் காலத்தில் திருவல்லிக்கேணி மேன்ஷன், இப்போது சாலிகிராமம், விருகம்பாக்கத்தில் நாலைந்து பேராக அறை எடுக்கிறார்கள். வாடகைக்கு வழி இல்லாமல் வருகிறவன் மூன்றாம் மாதம் யார் எது சொன்னாலும் நம்ப ஆரம்பித்துவிடுவான். ஆடிஷனுக்குப் பணம் கேட்டால், சங்க அட்டை வாங்கித் தருகிறேன் என்று புரோக்கர் சொன்னால், ஆல்பம் எடுக்க இன்ன ஸ்டூடியோவுக்குத்தான் போகணும் என்றால், செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிடுங்கள். நல்ல கம்பெனி உங்களிடம் பணம் கேட்காது. அவர்கள்தான் உங்களுக்கு பேட்டா கொடுக்கணும்.

தினமும் காலையில் அரை மணி நேரம் பேப்பரைச் சத்தமாகப் படியுங்கள். மதுரைத் தமிழை விட்டுவிடாதீர்கள், ஆனால் ‘ழ’ வரவேண்டிய இடத்தில் வரணும். உங்கள் தெரு டீக்கடையில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, நாலு பேர் பேசும்போது பேசாத ஐந்தாவது ஆள் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். உங்களுக்கு முதலில் கிடைக்கப்போவது அந்த ஐந்தாவது ஆள் வேஷம்தான்.

முகவரி தரமாட்டேன், வீட்டில் மருமகள் இருக்கிறாள், நிஜ மருமகள், அவளுக்குக் கூட்டம் பிடிக்காது. கோடையில் கார்த்திக் ஃபைன் ஆர்ட்ஸ் நடத்தும் நாடக விழாவுக்கு நாரத கான சபாவுக்கு வாருங்கள். நான் நடிக்காத நாளிலும் முன்னால் மூன்றாவது வரிசையில் ஓரத்து நாற்காலியில் இருப்பேன். இடைவேளையில் கேன்டீன் பக்கம் வந்து மதுரை என்று சொல்லுங்கள், பேசலாம். போண்டா உங்கள் செலவு.